தீஹா ஓடையின் மணப்பெண்

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று, இடது கையை என் ரப்பர் பூட்ஸின் மேலும் வலது கையை என் மனைவி பெப்ச்சா மக்காச்சோளக் களி கிண்டும் செப்புச் சட்டியின் மேலும் வைத்துச் சத்தியம் செய்கிறேன். பூட்ஸ் பொய்யைப் பொறுத்துக்கொள்ளும். சட்டி பொறுக்காது. போன தடவை நான் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னபோது, மூன்று நாள் களி அடிப்பிடித்தது. அதனால் அளந்துதான் பேசுகிறேன்.

என் பெயர் வென்செல். எங்கள் பள்ளத்தாக்கில் மீன்பிடிப்பவர்களின் சங்கத்தை யாரும் சங்கம் என்று சொல்வதில்லை. குடும்பம் என்றுதான் சொல்வோம். அடையாள அட்டையிலேயே அப்படித்தான் அச்சிட்டிருக்கும். "உனக்கு ரெண்டு குடும்பம்யா. ஒண்ணுக்கு உன் காலம் பூரா, இன்னொண்ணுக்கு உன் ஈரச் சாக்ஸ்" என்பாள் பெப்ச்சா.

குடும்பத்தில் ஒவ்வொரு காவல்காரனுக்கும் ஓர் ஓடை. எனக்கு வாய்த்தது தீஹா. ஓடையை ஏறி இறங்கிப் பார்க்க வேண்டும், விழுந்த மரத்தை அகற்ற வேண்டும், திருட்டுத் தூண்டில்காரனைத் துரத்த வேண்டும். வருஷக் கடைசியில் ஓடையின் நிலவரத்தை ஆபீஸில் இருக்கும் பெரிய பதிவேட்டில் அவரவர் கையால் எழுத வேண்டும். முப்பத்தொரு வருஷம் நான் எழுதியிருக்கிறேன்.

தீஹா, பெரிய ஆற்றில் சேர்வதற்கு முன் அறுபது அடி உயரத்திலிருந்து குதிக்கும். அந்த அருவிதான் அதற்குக் கதவு. எங்கள் தாத்தா காலத்தில், ஆற்றில் மீன் போதாது என்று யாரோ பெரிய மனிதர்கள் வெளியூரிலிருந்து டிரவுட் மீன்களைப் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். உடம்பில் சிவப்புப் புள்ளி வைத்த மீன்கள். எங்கள் ஊர் டிரவுட்டுக்குப் புள்ளியே கிடையாது. பளிங்கு மீன் என்போம். ஈரக் கல்லில் புகை படிந்து வளைந்து வளைந்து உறைந்தாற்போல இருக்கும் அதன் முதுகு. வந்த மீனும் இருந்த மீனும் ஆற்றில் கலந்தன. நூறு வருஷத்தில் ஆறு முழுக்கச் சிவப்புப் புள்ளி. அருவிகளுக்கு மேலே, விருந்தாளி ஏறிவர முடியாத ஏழெட்டு ஓடைகளில் மட்டும் பழைய பளிங்கு வம்சம் மிஞ்சியது. அதிலும் ஓடைக்கு ஒரு வம்சம். பக்கத்து மலைக்குப் பின்னால் ஓடும் ஸ்கால்னா ஓடையின் மீனும் தீஹா மீனும் பனியுகம் முடிந்த நாள் முதலாக ஒன்றை ஒன்று பார்த்ததில்லை.

தீஹாவில் லுட்விகா என்றொரு பெண் மீன் இருந்தாள். என் மாமியார் பெயர். இருவருமே என்னை நேராகப் பார்த்ததில்லை என்பதால் வைத்தேன்.

லுட்விகாவின் முதுகில் எங்கள் பள்ளத்தாக்கு இருந்தது. உவமையாகச் சொல்லவில்லை. அருவி, வளைவு, மேய்ச்சல் மேடு, கொட்டகை, தேவாலயக் கோபுரம் எல்லாம் அளவு பிசகாமல் அங்கே இருந்தன. மூடுபனி நாட்களில், எங்கள் மலையில் மூடுபனி வந்தால் உன் முழங்கையே உனக்கு அந்நியம், நான் அவள் இருக்கும் மடுவுக்குத் தவழ்ந்து போய், தண்ணீருக்குள் அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்து வழி தெரிந்துகொண்டு வீடு திரும்புவேன். வனத்துறை ஒரு புதுப் பாதை வெட்டினால், பதினைந்து நாளில் அவள் விலாவில் ஒரு மெல்லிய கோடு விழும். அரசாங்க வரைபடத்தில் அது ஏற நான்கு வருஷம் ஆகும். ஒரு முறை எங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொட்டு மங்கலாகத் தெரிந்தது. போய்ப் பார்த்தால், பெப்ச்சா அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அடுப்பு அணைந்திருந்தது.

அந்த அக்டோபரில் மூன்று நாள் மழை பெய்தது. மூன்றாம் நாள் மலை இறங்கி வந்தது. சத்தம் கேட்கவில்லை என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பதுபோல மலை புரண்டது, அவ்வளவுதான். காலையில் ஓடையின் பாதி, கல்லும் வேரும் சேறுமாகக் கிடந்தது. நான் மடு மடுவாகப் போனேன். எல்லாமே காலி. கடைசியில், தொங்கு பாறைக்கு அடியில் லுட்விகா மட்டும் நின்றிருந்தாள். அவள் விலாவில், சரிவு நடந்த இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை.

பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்வோன்கா வந்தாள். எங்கள் ஊர்ப் பெண்தான். மீன்களின் மரபணுவைப் படித்தவள். கணுக்கால் முதல் கழுத்து வரை ரப்பர் உடுப்போடு மடுவில் இறங்கி, லுட்விகாவைக் கைகளில் ஏந்தி, வயிற்றை மெல்லத் தடவிப் பார்த்தாள். முட்டை நிறைந்திருந்தது. பத்து நாளுக்குள் ஓர் ஆண் மீனின் விந்து சேராவிட்டால் முட்டைகள் கெட்டுவிடும். அடுத்த வருஷம் அவள் இருப்பாளா என்று சொல்ல முடியாது. அவளோடு தீஹா வம்சம் முடியும்.

"மாப்பிள்ளைக்கு ஸ்கால்னாதான் போகணும், மாமா" என்றாள் ஸ்வோன்கா.

ஸ்கால்னாக்காரர்கள் களியில் சர்க்கரை போடுகிறவர்கள். நான் அதை எடுத்துச் சொன்னேன். எங்கள் மீனோடு அவர்கள் மீனைக் கலந்தால் தீஹா எப்படித் தீஹாவாக இருக்கும் என்றும் கேட்டேன். நூறு வருஷமாகக் கலப்பு வேண்டாம் என்று காவல் காத்தது இதற்குத்தானா?

அவள் கோபப்படவில்லை. கரையில் உட்கார்ந்து பூட்ஸிலிருந்து தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். தீஹா மீன்கள் அத்தனையும் ஒரே போட்டோவின் பிரதிகள் மாதிரி. மரபணுவில் ஒன்றுக்கொன்று வித்தியாசமே கிடையாது. ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும். சிவப்புப் புள்ளி வந்தால் வம்சம் அழியும், அது வேறு. ஸ்கால்னாவும் சுத்தப் பளிங்கு. இரண்டும் சேர்ந்தால், நோயோடு ஆடப் பிள்ளைகளுக்குக் கையில் கொஞ்சம் அதிகச் சீட்டு இருக்கும்.

"பாதி தீஹா வேணுமா, சுத்தமா ஒண்ணுமில்லாம வேணுமா? நீங்கதான் பொண்ணுக்கு அப்பா. சொல்லுங்க."

சரி என்றேன்.

பத்தாம் நாள் மதியம், முதுகில் கட்டும் தகரப் பீப்பாயில் லுட்விகாவை வைத்து நான் அருவிப் பக்கத்து ஏணிப்பாதையில் இறங்கினேன். குடும்பத்தின் பீப்பாய்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே பச்சைப் பெயிண்ட். கீழே பாலத்தில் ஸ்வோன்கா காத்திருக்க வேண்டும். ஸ்கால்னா காவல்காரன் ராதிவோய் மூன்று ஆண் மீன்களோடு அங்கே வந்து சேர வேண்டும். பிறகு மூவரும், மீன் முட்டையிலிருந்து குஞ்சு எடுக்கும் பொரிப்பகத்துக்குப் போவதாக ஏற்பாடு.

பாலத்துக்குக் குறுக்கே ஒரு பெரிய மரக்கட்டை கிடந்தது. அதன் மேல் பூச்சுற்றிய கயிறு. கட்டைக்குப் பின்னால் தேவாலயத்துக்குப் போகும் கறுப்புக் கோட்டுகளில் எங்கள் ஊரின் ஆறு பிரம்மச்சாரிகள் நின்றார்கள். அவர்களில் இளையவனுக்கு ஐம்பத்தெட்டு வயது. நடுவில் சாராயக்கடை சிரில், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சு.

எங்கள் பக்கத்தில் பெண் கட்டிக்கொண்டு வேற்றூருக்குப் போகிறாள் என்றால் ஊர்ப் பிரம்மச்சாரிகள் வழியை மறிப்பார்கள். மாப்பிள்ளை மொட்டை ரம்பத்தால் கட்டையை அறுத்து, கேட்ட மீட்புப்பொருளைக் கொடுத்தால்தான் பெண் பாலம் தாண்டலாம். ஷ்ராங்கா என்பது அதற்குப் பெயர்.

"டேய் சிரில், இது மீன்டா" என்றேன்.

"பொண்ணுதானே?"

"பொண்ணுதான்."

"வெளியூர் மாப்பிள்ளைதானே?" அவன் கயிற்றை நேராக்கினான். "இருபத்திரண்டு வருஷமா இந்தப் பாலத்தத் தாண்டி ஒரு பொண்ணும் கல்யாணமாகிப் போகலடா. இருந்தவளுங்க எல்லாம் பஸ் ஏறிப் போயிட்டாளுங்க. இதையும் சும்மா விடச் சொல்றியா?"

பீப்பாயை முதுகிலிருந்து இறக்கிவைத்தேன். இதற்குள் அக்கரையிலிருந்து ராதிவோய் வந்துவிட்டான். முதுகில் பீப்பாய், கையில் ஒரு முழு வட்டப் பாலாடைக்கட்டி. அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. "என்ன சம்பந்தி, வழி விடமாட்டேங்கறாங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். அந்த வார்த்தையை அவன் வாயால் கேட்க நேர்ந்த நாளை நான் மறக்கவில்லை.

மாப்பிள்ளைகளால் ரம்பம் பிடிக்க முடியாது என்பதால் ராதிவோய் அறுத்தான். ரம்பத்தில் பல்லே இல்லை. பாலாடைக்கட்டி கைமாறியது. ஒயின் வந்தது. ஸ்வோன்கா ஒருத்திதான் கடிகாரத்தைப் பார்த்து, பனிக்கட்டியைப் பீப்பாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

இங்கேதான் தவறு நடந்தது. ஷ்ராங்காவில் இன்னொரு முறையும் உண்டு. பெண்ணைக் கூப்பிட்டால் முதலில் ஒரு பொய்ப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கிழவியோ, மீசை வைத்த ஆளோ, முக்காடு போட்டுக்கொண்டு வரும். மாப்பிள்ளை வேண்டாம் என்பான், எல்லோரும் சிரிப்பார்கள். சிரில் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டான். அன்று காலை ஆற்றில் பிடித்த ஒரு பெண் மீனை, லுட்விகாவின் அளவே, லுட்விகாவைப் போலவே முட்டை நிறைந்தவளை, எங்களுடையதைப் போன்ற பச்சைப் பீப்பாயில் வைத்து, மேலே சரிகைத் துணி போர்த்திக் கொண்டுவந்தான். ரொம்பத் தேடிப் பிடித்திருக்கிறான். உடம்பில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி, துடுப்புக்குப் பின்னால், கடுகளவு.

ராதிவோய் எட்டிப் பார்த்து, "இவ வேண்டாம், இவளுக்கு அம்மை போட்டிருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சரிகைத் துணி கைக்குக் கை போனது. ஒயின் இன்னொரு சுற்று வந்தது. பீப்பாய்களை நிழலுக்கு நகர்த்தினார்கள். கட்டை அறுந்து விழுந்தது. கைதட்டினோம். அப்போது மூடுபனி இறங்கியது.

எங்கள் மூடுபனி மேலிருந்து வராது. ஆற்றிலிருந்து எழுந்து, முதலில் உன் முழங்காலை வாங்கிக்கொண்டு, பிறகு இடுப்பை, பிறகு பேச்சை வாங்கிக்கொள்ளும். அது பாலத்தை மூடியபோது, ராதிவோயுடையது போக, எங்கள் நடுவில் இரண்டு பச்சைப் பீப்பாய்கள் இருந்தன. எது எது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஸ்வோன்கா டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு மீனும் வெளிறிப் போயிருந்தன. பயந்த டிரவுட் நிறத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். கோடும் இல்லை, வெள்ளைத் தழும்பும் இல்லை, கடுகளவுப் புள்ளியும் இல்லை. இரண்டு சாம்பல் உடம்புகள்.

துடுப்பு நுனியைக் கிள்ளி லேபுக்கு அனுப்பினால் எது எவள் என்று தெரிந்துவிடும். பதில் வர இரண்டு வாரம். முட்டை இன்று மாலை வரைதான் தாங்கும்.

"தப்பானவள எடுத்தா, சிவப்புப் புள்ளிய நம்ம கையாலேயே அருவிக்கு மேல கொண்டுபோய் விடறோம்" என்றாள் ஸ்வோன்கா. குரல் தாழ்ந்திருந்தது. "தெரியாம நான் செய்யமாட்டேன், மாமா. தெரியலேன்னா ரெண்டையும் விட்டுடலாம். தீஹா முடிஞ்சுதுன்னு எழுதிக்கலாம்."

சிரில் சரிகைத் துணியைச் சுருட்டிச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு நான் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைச் சொன்னேன். லுட்விகாவுக்குச் சத்தம் பிடிக்காது. மடுவுக்கு நான் நடந்து போனால் வெளிறிப் போவாள். தவழ்ந்து போய் மூச்சை அடக்கிக் காத்திருந்தால்தான் நிறம் திரும்பும். அதனால் எல்லோரும் வாயை மூடுங்கள், அசையாதீர்கள். பயம் போனால் அவளே சொல்வாள்.

பாலத்தடியில் ஊற்று நீர் விழும் கல்தொட்டிகள் இரண்டு உண்டு. ஆளுக்கொரு தொட்டியில் இரண்டு மீனையும் விட்டோம். அவற்றைச் சுற்றி ஆறு பிரம்மச்சாரிகள், ஸ்வோன்கா, ராதிவோய், நான் எல்லோரும் மண்டியிட்டோம். எங்கள் ஊர் ஆண்கள் தேவாலயத்தில்கூட இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. சிரிலுக்கு இருமல் வந்தது. அவன் கோட்டுக் கையைக் கடித்துக்கொண்டான். மூடுபனிக்குள் ஊற்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. தேவாலய மணி அடிக்கும் நேரம் வந்தது. மணிகூட ஒரு தடவை அடிக்க ஆரம்பித்து, யோசித்து, நிறுத்திக்கொண்டது.

எவ்வளவு நேரம் என்று கேட்டால் அரை மணி என்பாள் ஸ்வோன்கா. எனக்கு அந்த இலையுதிர்காலம் முழுவதும் அங்கேயே கழிந்ததாக நினைவு. தொட்டி ஓரத்தில் பாசி வளர்ந்ததை நான் பார்த்தேன்.

இடது தொட்டியில் இருந்தவளின் முதுகில் முதலில் ஒரு நிழல் விழுந்தது. பனி விலகும்போது மலைகள் தெரியுமே, அந்த வரிசையில்: முதலில் உயரமானவை, பிறகு மேய்ச்சல் மேடு, பிறகு அருவியின் வெள்ளை நூல். சரிவின் தழும்பு வந்தது. கோபுரம் வந்தது. எங்கள் வீட்டுப் பொட்டு வந்தது, பளிச்சென்று, ஏனென்றால் பெப்ச்சா அந்நேரம் அடுப்பு மூட்டியிருந்தாள். பாலம் வந்தது. பாலத்தடியில், ஊசிமுனையால் குத்தினாற்போல, ஒன்பது புள்ளிகள் வட்டமாக.

சிரில் விரலால் எண்ணினான். கடைசிப் புள்ளியைத் தொட்டுவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டான்.

வலது தொட்டியில் கடுகளவு சிவப்பு தானாக விழித்தது.

பொரிப்பகத்துக்குப் போக நேரம் இல்லை. பாத்திரம் கொண்டுவர வீட்டுக்கு ஓடி, பெப்ச்சாவையும் கூட்டிவந்தேன். பெப்ச்சா செப்புச் சட்டியை நீட்டினாள். ஸ்வோன்கா அதைத் தொடவே விடவில்லை, செம்பு பட்டால் முட்டை செத்துவிடும் என்றாள். ரொட்டிமாவு பிசையும் எனாமல் பேசினைத் துடைத்து உலர்த்திக் கொடுத்தோம். ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. லுட்விகாவின் வயிற்றை ஸ்வோன்கா பெருவிரலால் வருடினாள். ஆரஞ்சு நிற முட்டைகள், மணி மணியாக, முந்நூற்றுப் பதினேழு. அதன் மேல் ராதிவோயின் மூன்று மாப்பிள்ளைகளின் விந்து பால்போல விழுந்தது. வாத்திறகால் கலக்கினாள். பிறகுதான் தண்ணீர். ராதிவோய் தொப்பியைக் கழற்றினான். அவனைப் பார்த்து நாங்களும் கழற்றினோம்.

லுட்விகாவை நானே சுமந்துகொண்டுபோய் மடுவில் விட்டேன். அவள் அப்போதும் என்னை நேராகப் பார்க்கவில்லை. பொய்ப் பெண்ணைச் சிரில் ஆற்றில் விட்டான். விடுவதற்கு முன் அவளிடம் ஏதோ சொன்னான். அது எங்களுக்குத் தேவையில்லாதது.

குளிர்காலம் முழுக்க முட்டைகள் பொரிப்பகத்துத் தட்டுகளில், குளிர்ந்த தண்ணீருக்கடியில் தூங்கின. ஜூன் மாதம் இருநூற்று நாற்பது குஞ்சுகளை அருவிக்கு மேலே கொண்டுபோனோம். ஸ்வோன்கா மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முன்பெல்லாம் தீஹா மீனில் ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. இவை ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. துடுப்பு நுனிகள் லேபுக்குப் போய் வந்தன. பாதி தீஹா, பாதி ஸ்கால்னா, முழுப் பளிங்கு. ஸ்வோன்கா அந்தக் காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு மூக்கைச் சிந்தினாள். ஜலதோஷம் என்றாள்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. குஞ்சுகள் எல்லாவற்றின் விலாவிலும் ஒரு மெல்லிய கோடு இருந்தது. தீஹா மடுவிலிருந்து கிளம்பி, மலைமுகட்டை ஏறி, அந்தப் பக்கம் இறங்குகிற கோடு. அப்படி ஒரு பாதை எங்கள் மலையில் கிடையாது. மூடுபனி வந்த முதல் நாள், குஞ்சுகளைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு நான் நடந்தேன். காலுக்கடியில் புல் மெத்தென்று இருந்தது, யாரோ நெடுங்காலம் நடந்த மாதிரி. எங்கே ஏறினேன், எங்கே இறங்கினேன் என்று தெரியாது. பனி விலகியபோது ராதிவோயின் சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவன் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்து வாணலியில் புரட்டிக்கொண்டிருந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன் லேட்டு, சம்பந்தி?" என்றான். இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தான்.

குடும்பத்தின் பதிவேடு ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம், திருட்டுத் தூண்டில்காரன்கூட. அதில் தீஹாவின் பக்கத்தில் முப்பத்தொரு வருஷமும் என் கையெழுத்தில் இருப்பது ஒரே வரி: "வறண்ட ஓடை. தண்ணீர் இல்லை, மீன் இல்லை."